எலெக்ட்ராவின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

1941 டிசம்பர் 2-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எலெக்ட்ரா உட்பட, கூட வந்த நாசகாரிக் கப்பல்களின் கதைதான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சிங்கப்பூரில் இருந்தபடியே அதை ஒட்டவைக்கலாம்.

முதலில் ஒரு எக்செல் தாள்: தேதி, நேரம், நேர வலயம், இடம், நிகழ்வு, ஆதாரம். ஒரு நிகழ்வுக்கு ஒரே வரி. ஆதாரம் இல்லாத வரி வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கப்பல் எது என்று உறுதி செய்யுங்கள். நமது எலெக்ட்ரா 1934 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹெபர்னில் நீரில் இறங்கியது. அடையாள எண் எச் 27. 1896-இல் இறங்கிய நாசகாரிக்கும் இதே பெயர். எலெக்ட்ராவுடன் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயர் இன்னும் சிக்கல். வாலஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, 1917-இல் பெயர் மாறியது. பிறகு வாலஸ் என்றே வேறொரு கப்பல் வந்தது. 1956-இல் இறங்கிய இன்னொரு வாம்பயர் இப்போது சிட்னியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பழைய வாம்பயரின் டி 68 என்ற எண் 1940-இல் ஐ 68 ஆனது. ஆகவே பெயர், எண், ஆண்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆதாரத்தை ஏற்க வேண்டும்.

பிரிட்டிஷ் கப்பல் நாட்குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.டி.எம். 53 வரிசையில் உள்ளன. போர்க்கால நாசகாரிகளின் ஏடுகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. பலர் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் சென்ற கப்பலைத் தேடுங்கள். ஆஸ்திரேலியக் கப்பல்களின் அறிக்கைகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் ஏ.டபிள்யூ.எம். 78 தொகுப்பில் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அறிக்கைகளுக்குக் கியூவின் ஏ.டி.எம். 199 வரிசை. 1942 பிப்ரவரி 27-இல் ஜாவாக் கடலில் எலெக்ட்ரா மூழ்கியபின் உயிர்தப்பிய 54 பேரை மீட்டது அமெரிக்க நீர்மூழ்கி எஸ்-38. ஆகவே கடைசி வரிக்கு அமெரிக்க ஆவணமும் தேவை.

நேரக் கணக்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அப்போது சிங்கப்பூர் நேரம் கிரீனிச்சுக்கு 7 மணி 30 நிமிடம் முன்னால். ஜப்பானியர் எழுதியது 9 மணி நேரம் முன்னால் இருந்த தோக்கியோ நேரம். டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் ரிப்பல்ஸ் மூழ்கியது கப்பல் நேரப்படி 12:33, ஜப்பானியக் குறிப்பில் 14:03. இரண்டும் ஒரே நொடிதான். வலயத்தை எழுதாவிட்டால் ஒரே நிகழ்வு இரண்டு வரிகளாகிவிடும்.

பட்டியல்களை அப்படியே நகல் எடுக்காதீர்கள். சிங்கப்பூருக்கு உடன் வந்தவை எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், என்கவுண்டர், ஜூப்பிட்டர். டிசம்பர் 8 மாலை புறப்பட்டபோது கடைசி இரண்டும் பழுதுபார்ப்பில் நின்றன. அவற்றுக்குப் பதில் வாம்பயரும் டெனடோஸும் சென்றன. எரிபொருள் குறைவால் டெனடோஸ் 9-ஆம் தேதியே திருப்பி அனுப்பப்பட்டது. 10-ஆம் தேதி தாக்குதல் நடந்த இடத்தில் இருந்த நாசகாரிகள் மூன்றே.

சிங்கப்பூரின் பழைய செய்தித்தாள்கள் உள்ள நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையதளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைப் புரட்டுங்கள், ஆனால் தணிக்கையை மறக்காதீர்கள். கப்பற்படை வந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பெயரை மட்டுமே வெளியிட்டார்கள், ரிப்பல்ஸைச் சொல்லவில்லை. செய்தியில் பெயர் இல்லை என்பதால் கப்பல் துறைமுகத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மாலுமிகளின் பெயர்களைத் தேடி சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போனால் ஏமாற்றமே. அங்குள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னம் தரைப்படை, விமானப்படைக்கு உரியது. கடலில் மறைந்த பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் நினைவுச்சின்னங்களில் பிரிந்து கிடக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கடற்படை, 1942 பிப்ரவரி 27 என்று வடிகட்டி, எலெக்ட்ரா என்று குறித்த பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள்.