பூ இருக்கிறது, காய் எங்கே? ஆடிப்பட்டக் கொடிகளில் பிஞ்சு உதிராமல் இருக்கச் செய்முறை

ஆடிப்பட்டத்துக்குக் கொடிக்காய் விதை வாங்கி வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் புடலை, பீர்க்கு, சுரை, பாகல் நான்கும் ஒரே பந்தலில்தான் ஏறுகின்றன. ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம்.

குழி எடுப்பது, பந்தல் போடுவது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். கொடி முழுக்கப் பூத்த பிறகு பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறதே, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோட்டம், உரக்கடை, சொந்தக்காரர் என எல்லா இடத்திலும் “சத்து போதவில்லை” என்ற ஒரே பதில்தான் எனக்குக் கிடைத்தது. சத்து போடப் போட இலைதான் பெரிதானது.

குழியும் விதையும்

நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஓரடிக் குழி போதும். மேல்மண், மக்கிய தொழுஉரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறவிடுங்கள். குழிக்கு ஐந்து விதை. பதினைந்தாம் நாள் வாக்கில் திடமான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

பாகல் விதைக்கும் சுரை விதைக்கும் ஓடு கெட்டி. இரவு முழுக்க ஊறவைப்பதற்கு முன் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டால் முளைப்பு ஒரே சீராக வரும். புடலையில் வீட்டுக்கு ஏற்றது கோ 2 (கோவை வேளாண் பல்கலைக்கழக ரகம்) என்பது என் கட்சி. காய் குட்டையானது, ஒரு வேளைக் கூட்டுக்குச் சரியாக இருக்கும். கோ 1 ஐந்தடிக்கும் மேல் நீளும். அதைப் பாதி வெட்டி யார் வீட்டுக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டிலை விட்ட நேரத்தில் சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். காலைப் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவினால் அடங்கிவிடும்.

பந்தல்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. விதையை ஆடியில் போடுங்கள். மேல் கம்பியை ஆவணி பிறந்து காற்று தணிந்த பிறகு இழுத்துக் கட்டினால் போதும். கொடி மேலே வருவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும். கால்கள் இரண்டடி மண்ணுக்குள் இறங்க வேண்டும், உயரம் ஆறடி. அதற்கு மேல் உயர்த்தினால் பின்னால் சொல்லப்போகும் வேலையை ஸ்டூல் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

கயிறு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து போகும். சணல் ஐப்பசி மழையில் இற்றுப்போகும். பந்தலுக்குத் துத்தநாகம் பூசிய கம்பி, கொடி ஏற்றத் தேங்காய் நார்க் கயிறு, அவ்வளவுதான். நைலான் வலை விரிப்பது சுலபம். ஆனால் தை மாதத்தில் காய்ந்த கொடியை அதிலிருந்து பிய்த்தெடுக்க உட்காரும்போது தெரியும்.

பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சுரைக்கு இது மிகவும் அவசியம். பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான் வரும்.

பூவுக்கு நேரம் உண்டு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இந்த நான்கு கொடிகளிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவது ஆண் பூ மட்டுமே. அது பூத்து உதிர்வது இயல்பு, கவலை வேண்டாம். பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று இருக்கும். பாகலில் அது முள்முள்ளாக, நெல்மணியைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். புடலையிலும் பீர்க்கிலும் ஆண் பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாகவும், பெண் பூ தனியாகவும் வரும். அந்தக் குட்டிக் காயைப் பார்த்துவிட்டுக் காய் பிடித்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்துவிடுகிறோம். பிடிக்கவில்லை. மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காய். இல்லையென்றால் சில நாளில் மஞ்சளாகி உதிரும்.

பாகல் பூ விடியற்காலையில் மலரும், தேனீ வரும், வேலை நடந்துவிடும். பரங்கி, பூசணியும் அப்படியே. ஆனால் பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போதுதான் மலரும். புடலை இன்னும் தாமதம். இருட்டியபின் அந்த வெள்ளை நூல் நூலான இதழ்கள் பிரிவதை டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். இரவுப் பூச்சிகள்தான் அவற்றுக்கு மகரந்தம் சுமக்கின்றன. அந்தப் பூச்சிகள் குறைந்த இடத்திலும், மருந்து தெளித்த தோட்டத்துக்குப் பக்கத்திலும் கொடி பூத்துக்கொண்டே இருக்கும், காய் இருக்காது. காலை எட்டு மணிக்குக் காப்பியோடு போய்ச் சுரைப் பூவைப் பார்த்தால் வாடிய பூவைத்தான் பார்ப்பீர்கள்.

எனவே கையால் செய்ய வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் தூளை விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் வேறு பூ. அதைப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவுங்கள். பெண் பூவின் சூலகமுடி மூன்று மடலாக இருக்கும், மூன்றிலும் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு முனை பருத்தும் மறு முனை சூம்பியும் வரும். ஓர் ஆண் பூவை இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் பயன்படுத்தலாம்.

தூரிகை வாங்கச் சொல்கிறார்கள். வேண்டாம்; பாதி மகரந்தம் தூரிகையிலேயே தங்கிவிடும். புடலைக்கு மட்டும் பூ சிறியது, இருட்டில் விரல் தடுமாறும் என்பவர்கள் காது குடையும் பஞ்சுக்குச்சியை வைத்துக்கொள்ளலாம்.

பெண் பூவே வரவில்லை என்றால் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கும் முறை உண்டு. வியாபாரத்துக்குப் பயிரிடுபவர்களுக்கு அது சரி. வீட்டுப் பந்தலுக்குத் தழைச்சத்து கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தினாலே போதும். வெயில் குறைந்து புரட்டாசி பிறக்கும்போது பெண் பூ தானாகக் கூடும்.

காய் பிடித்த பிறகு

புடலை சுருண்டால் நுனியில் சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பழ ஈ குத்திய பிஞ்சில் பிசின் போல ஒரு துளி நிற்கும். அதைப் பறித்து மண்ணில் ஆழமாகப் புதையுங்கள், செடிக்கடியில் எறியாதீர்கள். நல்ல பிஞ்சுகளைப் பழைய செய்தித்தாளில் உறைபோல் சுற்றிவிட்டால் ஈ குத்தாது.

ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. மார்கழிப் பனியில் இலையில் வெண்மை படரும். உடனே கந்தகத்தூளைத் தேடி ஓடாதீர்கள். கொடிக்காய்களின் இலை கந்தகத்தில் கருகிவிடும். பாதித்த இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: பழ ஈக்குக் கருவாட்டுப் பொறி வைத்த ஒருவர், ஈயைவிடப் பூனைதான் அதிகம் வருகிறது என்று எழுதியிருந்தார். கருவாடு போட்ட துளையிட்ட பாட்டிலைப் பந்தலின் நடுவில், காலுக்குத் தள்ளித் தொங்கவிடுங்கள். பூனை கால் வழியாக ஏறினாலும் மெல்லிய கம்பியில் நடக்காது.

பின்சேர்க்கை 2: பீர்க்கு மகரந்தம் சுரையில் பட்டால் சுரை கசக்குமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கசக்காது, இரண்டும் வேறு இனம், சேரவே சேராது. ஆனாலும் எந்தச் சுரையையும் சமைக்குமுன் நுனியில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் காயைக் கொட்டிவிடுங்கள். கசப்பைத் தரும் குக்கர்பிடாசின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. சாறாகக் குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: விதைக்கு விடும் காய்க்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு. பீர்க்கு, சுரை, புடலையில் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை அன்று பிற்பகலிலேயே நூலால் கட்டிவிட்டு, மாலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். அடையாளத்துக்குக் காம்பில் வண்ணத் துணி முடிந்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் யாராவது பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள். பீர்க்கையும் சுரையையும் கொடியிலேயே முற்றிக் காய்ந்த பிறகும், புடலையைப் பழுத்துச் சிவந்ததும் எடுத்தால் தைப்பட்டத்துக்கு விதை தயார்.