கார் கண்ணாடியில் நீங்களே நம்பர் பொறிப்பது எப்படி?

தெருவில் நிறுத்தியிருந்த என் காரின் இடதுபக்க சைடு மிரர் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. பழைய உதிரிபாகம் விற்கும் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அதே மாடல், அதே வெள்ளை நிறத்தில் நாலைந்து தொங்கின. அதில் ஒன்று என்னுடையதாகவே இருந்தாலும் எதை வைத்து அடித்துச் சொல்வது? சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இருக்கும் இரண்டு இடங்களை விட்டால், காரில் இருக்கும் மற்ற சாமான்கள் பெரும்பாலும் பெயர் இல்லாதவைதான். அந்த எரிச்சலில் கற்றுக்கொண்ட வேலை இது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம்பர் பொறித்தால் கார் பூட்டிக்கொள்ளாது. ஆனால் காரை முழுசாகத் தூக்குகிறவன் நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது, ஆறு கண்ணாடியையும் மாற்றியாக வேண்டும், அந்தச் செலவுதான் அவனை யோசிக்க வைக்கும்.

எந்த நம்பர் போடுவது? பலர் வண்டி நம்பரைப் போடுகிறார்கள். நான் சேஸிஸ் நம்பரின் கடைசி எட்டு எழுத்துகளைத்தான் சொல்வேன், ஏனென்றால் வேறு மாநிலத்துக்கு மாற்றிப் பதிந்தால் வண்டி நம்பர் மாறும், சேஸிஸ் நம்பர் மாறாது. ஆர்.சி.யில் 17 எழுத்துகளாக இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, அதனால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான்.

அதை எழுதிக்கொண்டு ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். நம்பர் பிளேட்டுக்கு வெட்டுவது போல இல்லாமல், எழுத்து இருக்கும் இடம் ஓட்டையாக வரும்படி வெட்டச் சொல்லுங்கள், இதுதான் ஸ்டென்சில். உயரம் ஒரு சென்டிமீட்டர் போதும், தடித்த எழுத்தாக இருக்கட்டும். 0, 6, 8 இவற்றின் நடுத்துண்டு தனியாக உதிர்ந்துவிடும் என்பதால் துண்டுகளை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள மேலே டிரான்ஸ்பர் டேப் ஒட்டித் தரச் சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்தேன், என் டிரைவர் பக்கக் கண்ணாடியில் 8 ஒரு வெள்ளைப் பூச்சி மாதிரி இருக்கிறது.

அடுத்து எட்சிங் கிரீம். கண்ணாடியை அரிக்கும் அமில வகை இது, விளையாட்டில்லை. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டமான நிழல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், குழந்தைகள் அந்தப் பக்கமே வேண்டாம். தோலில் பட்டால் உடனே எரியாமல் மணிக்கணக்கில் கழித்து எரிய ஆரம்பிக்கலாம், அதனால் வலிக்கவில்லையே என்று விடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

முதல் முயற்சி காரில் வேண்டாம், பழைய ஜாம் பாட்டிலில் செய்து பாருங்கள். அப்புறம் கண்ணாடியின் வெளிப்பக்கம், கீழ் மூலையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஸ்டென்சிலை ஒட்டி, மேலே இருக்கும் டிரான்ஸ்பர் டேப்பை உரித்துவிட்டு, விளிம்பெல்லாம் நகத்தால் அழுத்துங்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் வேண்டும், கீழே வழிந்தால் பெயின்டும் பீடிங் ரப்பரும் வீணாகும். கிரீமைத் தேய்க்காமல் கெட்டியாக அப்புங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஆனதும் ஈரத்துணியால் வழித்தெடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஸ்டென்சிலை உரியுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, பதறி மறுபடி பூசாதீர்கள், காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும்.

கிரீமுக்குப் பதில் கீறும் மெஷின் போதாதா என்று கேட்பார்கள். கதவு, பின்பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன்டு கிளாஸ், அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி, ஆழமாகக் கீறினால் மொத்தமும் பொடியாக உதிரும். அந்த மெஷினை அலாய் வீலின் உட்பக்கம், ஹெட்லைட்டின் பின்புற பிளாஸ்டிக், ஸ்டெப்னி ரிம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைடு மிரர் கண்ணாடிக்குக் கிரீம்தான். பிரேக், ஏர்பேக், சீட் பெல்ட் பக்கம் கை வைக்க வேண்டாம். கம்பெனி அடித்த சேஸிஸ் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கீறல்கூடப் போடாதீர்கள், நம்பரைத் திருத்தியதாக உங்கள் மேலேயே சந்தேகம் வரும்.

சைலன்சர் குழாயோடு சேர்ந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் போட்டேன், ஆனால் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதற்காகவே மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரைக் கழற்றிக்கொண்டு போன வழக்குகள் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் வந்தன. உடைத்து உலோகத்தை எடுக்கிறவனுக்கு மேலே என்ன எழுதியிருந்தால் என்ன?

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நம்பரையும் கிட்டத்திலும், காரோடு சேர்த்தும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். திருட்டுப் புகார் எழுதும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் அதுதான் கையில் இருக்கும்.

ஸ்டென்சிலை இரண்டு மூன்று கூடுதலாகவே வெட்டிக்கொள்ளுங்கள். கல் பட்டு மாற்றிய என் பின்கதவுக் கண்ணாடி இப்போதும் நம்பர் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.