வளர்ப்பு நாய் இருக்கும் வீட்டுக் கூடம்: தரை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் மணிக்குப் பதினோரு வயது, அல்சேஷன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் எங்கள் வீடு. மூன்று வருடத்துக்கு முன் கூடத்தில் பளபளவென்று போர்சலின் டைல்ஸ் போட்டோம். அன்று சாயங்காலம் மணி வாசற்படியில் நின்று முன்னங்காலை உள்ளே வைத்தான். கால் பக்கவாட்டில் சறுக்கியது. விரல்களை விரித்து, நகத்தை ஊன்றிப் பார்த்தான். டைல்ஸில் நகம் எங்கே இறங்கும்? மெல்லப் பின்வாங்கி வராந்தாவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, கீறல் விழுமா என்பதுதான். பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். கீறல் விழுந்தால் நம் கண்ணுக்குத்தான் உறுத்தல். வழுக்கினால் நாயின் மூட்டுக்கு வேதனை. அல்சேஷன், லாப்ரடார் இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். தினமும் கால் விரிந்து சறுக்கினால் வலி இன்னும் கூடும். அதனால் பளபளப்பில்லாத மேட் டைல்ஸாகப் பாருங்கள். வழுக்காத தன்மையை ஆர்9, ஆர்10, ஆர்11 என்று குறிப்பார்கள். எண் கூடினால் பிடிப்பு கூடும். கூடத்துக்கு ஆர்10 போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் சொரசொரப்பில் முடியும் அழுக்கும் சிக்கிக்கொள்ளும். முடிந்தால் நாலைந்து டைல்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து, நாயை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

அடுத்தது மரத்தரை போலத் தெரியும் லேமினேட் பலகை. மேல்பூச்சு கெட்டிதான், நகத்தைத் தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. குட்டி நாய் ராத்திரி மூத்திரம் போய், அது விடியும்வரை இணைப்பில் ஊறினால் ஓரம் உப்பிவிடும். காய்ந்தாலும் பழையபடி அமராது. அதோடு வெள்ளிக்கிழமையும் காவடிக்கு முன்னாலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற வீடுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தை விட மனமில்லை என்றால் லேமினேட் வேண்டாம்.

எஸ்பிசி வினைல் என்ற பிளாஸ்டிக் வகைத் தரைப்பலகை தண்ணீரில் உப்பாது. அதன் நடுப்பகுதி கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. பெரிய நாய் என்றால் மேல்படலம் 0.3 மில்லிமீட்டர் போதாது, 0.5 ஆவது இருக்கட்டும். ஆனால் இதிலும் இணைப்பு வழியாக மூத்திரம் கீழே இறங்கினால் நாற்றம் அடியில் தங்கிவிடும். உடனே துடைப்பதுதான் வழி.

ஒட்டுகிற வினைல் போடுவதானால் அடித்தரையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்குள்ளிருந்து ஈரம் ஏறுவதுண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் முதலில் ஈரத்துக்கு வைத்தியம் பாருங்கள்.

டைல்ஸ் போடுகிறவர்கள் டைல்ஸுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் பூச்சைக் கடைசியில் அவசரமாக முடிப்பார்கள். நாய் வீட்டில் நாற்றம் தங்குவதே அங்குதான். சாதா சிமெண்ட் பூச்சு உறிஞ்சும், மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரின் கறையையும் சேர்த்துப் பிடிக்கும். காசு கொஞ்சம் கூடினாலும் ஈரம் உறிஞ்சாத எபாக்சி பிசின் பூச்சு போடச் சொல்லுங்கள்.

சுவருக்குச் சுவர் கார்பெட் வேண்டவே வேண்டாம். டர்பன் புழுக்கத்தில் தெள்ளுப்பூச்சிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. முட்டை கார்பெட்டில் உதிரும், கூட்டுப்புழு மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும்.

பழைய மரக்கட்டைத் தரை இருந்தால் பெயர்த்துவிடாதீர்கள். இழைத்து, மேட் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசினால் போதும். மெழுகு பாலிஷ் மட்டும் வேண்டாம், அது வழுக்கும்.

கழுவும் மருந்திலும் கவனம் தேவை. அம்மோனியா கலந்தது மூத்திர வாடைபோலவே இருப்பதால் நாய் அதே இடத்தில் திரும்பப் போகக்கூடும். மூத்திரத்தின் மேல் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். பூனை இருந்தால் ஃபீனால் கலந்த கிருமிநாசினி ஆகவே ஆகாது. காலில் பட்டதை நக்கினால் அதன் கல்லீரலால் தாங்க முடியாது. மூத்திர வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் திரவம் வாங்கி வையுங்கள்.

எங்கள் டைல்ஸை உடைக்கக் கையில் பணமில்லை. வாசலிலிருந்து மணியின் தண்ணீர்க் கிண்ணம்வரை, அடியில் ரப்பர் வைத்த நீள விரிப்புகளைப் போட்டோம். பாதத்தின் அடியில் வளர்ந்திருந்த முடியையும் கத்தரித்தோம். நாலாம் நாள் காலை அவன் உள்ளே வந்து, கிண்ணம்வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு அப்பாவின் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டான்.