உப்புவெளி விடுதியில் இரண்டு ரவுட்டர்

பின்கட்டு அறைகளுக்கென்று மாட்டிய இரண்டாவது ரவுட்டரில் வைபை முழுக்கோடு காட்டும். சில போனில் இன்டர்நெட் வரும், சிலதில் வராது. திறந்து பார்த்தால் இரண்டு ரவுட்டருக்குமே 192.168.1.1 என்ற ஒரே முகவரி, இரண்டிலும் டிஎச்சிபி (போன்களுக்குத் தானாக முகவரி பங்கிடும் வசதி) ஓடுகிறது. போன் கேட்வேயை, அதாவது இன்டர்நெட்டுக்குப் போகும் வாசலைத் தேடும்போது இரண்டாவது பதில் சொன்னால், அதற்கு வெளியே போக வழியே இல்லை.

இரண்டாவதைத் தனியாகக் கழற்றி, கேபிளால் லப்டொப்பில் இணைத்தேன். முதலில் அதன் லான் ஐபியை (உள் நெட்வொர்க்கில் அதன் முகவரியை) 192.168.1.2 ஆக்கி, அந்த முகவரியில் திரும்ப நுழைந்து டிஎச்சிபியை நிறுத்தினேன். டிஎச்சிபியை முதலில் நிறுத்தினால் லப்டொப்புக்குக் கையால் ஐபி கொடுக்கவேண்டி வரலாம். மெயின் ரவுட்டர் முகவரியின் கடைசி எண்ணை 100 முதல் 200 வரைதான் பங்கிடுகிறது, ஆகவே 2 மோதாது. கேபிள் இரு பக்கமும் லான் போர்ட்டில்தான். இன்டர்நெட் லைனுக்கான வான் போர்ட்டில் செருகினால் பின்கட்டு தனி நெட்வொர்க் ஆகி, முன்மேசைப் பிரிண்டர் கண்ணில் படாது. இரண்டு வைபையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2.4 கிகாஹேர்ட்ஸில் முன்னுக்குச் சனல் 1, பின்னுக்கு 11.

அதற்குப் பிறகும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. கடற்காற்று! கேபிள் முனையில் உள்ள ஆர்ஜே45 பிளக்கின் பின்களில் பச்சைக் களிம்பு. கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டுக் கம்பியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 போதும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, டி568பி என்ற கம்பி நிற ஒழுங்கில் புதுப் பிளக் அடித்ததும் கிகாபிட் வந்தது.