தெருவுக்கு ஒரு பேட்டரி: ஆஸ்திரேலியாவில் மானியம் கேட்பதற்கு முன்

ஆஸ்திரேலிய நகரங்களில் நண்பகல் வேளையில் கூரை சோலார் தேவைக்கு மேல் மின்சாரம் தருகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் அடுப்பும் ஏசியும் ஓடும்போது அந்த வெயில் எவருக்கும் உதவுவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே, ஒரு பகுதியின் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் சமூக பேட்டரிகள் வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மெடோ ஸ்பிரிங்ஸில் 2018இல் வந்த 420 யூனிட் பேட்டரியில், 52 வீட்டார் நாளுக்கு ஒரு டாலர் கட்டி வீட்டுக்கு 8 யூனிட் சேமித்துக்கொண்டனர். மெல்பர்னின் வடக்கு ஃபிட்ஸ்ராயில் 2022இல் 284 யூனிட் பேட்டரி ஒன்று இயங்கத் தொடங்கியது.

உங்கள் தெருவுக்கும் அப்படியொன்று வேண்டுமென்றால், விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன் மின்விநியோக நிறுவனத்தை அணுகுங்கள். பில் அனுப்பும் நிறுவனம் வேறு, கம்பத்துக்கும் கம்பிக்கும் பொறுப்பான நிறுவனம் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த டிரான்ஸ்பார்மரில் நண்பகலில் வோல்டேஜ் ஏறுகிறது, அங்கே எத்தனை கிலோவாட் இணைக்க இடமுண்டு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். அந்தப் பதில் இல்லாத விண்ணப்பம் நல்லெண்ணத்தை மட்டுமே காட்டும்.

அடுத்தது இடம். எங்கள் குழு முதலில் விரும்பிய பூங்கா ஓரத்தில் நாடா பிடித்து அளந்தபோது, பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் நான்கு மீட்டர் தூரத்தில் இருந்தது. பேட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறியின் சத்தம் இரவில் அங்கே கேட்கும் என்பதால் அந்த இடத்தைக் கைவிட்டோம். நிலம் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுடையது என்றால், குத்தகைக்குக் கொள்கையளவிலான ஒப்புதலையாவது முன்கூட்டியே பெற வேண்டும். பதிவு பெறாத குழுவுக்குப் பொதுவாக மானியம் கிடைக்காது. சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிவு செய்யுங்கள், அல்லது கவுன்சிலையே விண்ணப்பதாரராக்குங்கள்.

மிகுந்த உழைப்பைக் கேட்பது வரவு செலவுக் கணக்குதான். நண்பகலில் மின்சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போவதுண்டு. அப்போது வாங்கி மாலையில் விற்பது ஒரு வருமானம், மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணைச் சீராக வைக்க உதவுவது இன்னொன்று. ஆனால் விநியோகக் கட்டணம், காப்பீடு, சந்தையில் விற்றுத் தரும் நிறுவனத்தின் பங்கு, ஆண்டுதோறும் குறையும் கொள்ளளவு ஆகியவற்றைக் கழித்தால், போட்ட முதல் திரும்புவது பல இடங்களில் கடினம். சமூக பேட்டரிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று விநியோக நிறுவனத்திடம் கட்டாயம் விசாரியுங்கள்; கணக்கையே மாற்றிவிடக்கூடிய கேள்வி அது. மிஞ்சும் பற்றாக்குறையை மறைக்காதீர்கள். நீங்கள் கேட்கும் மானியத் தொகைக்கு அதுவே நியாயம். வருமானத்தை ஊதிக் காட்டினால், பணம் எதற்கு என்று மதிப்பீட்டாளர் கேட்பார்.

மத்திய அரசு 2022இல் 20 கோடி டாலரில் 400 பேட்டரிகளை அறிவித்தபோது, 58 இடங்கள் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தன. மற்றவற்றுக்கு அரீனா எனப்படும் ஆஸ்திரேலியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை வழியாகப் போட்டி நடந்தது. விக்டோரியா மாநிலமும் 100 பேட்டரிகளுக்குத் தனித் திட்டம் வகுத்தது. இத்தகைய நிதி சுற்றுச் சுற்றாகத் திறந்து குறித்த நாளில் மூடிவிடும் என்பதால், சுற்று அறிவிக்கப்படும் முன்பே கோப்பு தயாராக இருக்க வேண்டும். முழுத் திட்டத்துக்கு ஆயத்தமில்லாதவர்கள் சாத்தியக்கூறு ஆய்வுக்கு மட்டும் தரப்படும் சிறு மானியம் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

ஆதரவுக் கடிதங்களில், "வரவேற்கிறோம்" என்று மட்டும் எழுதிய இருபதைவிட, நிலத்தையோ பணத்தையோ உழைப்பையோ தருவதாக உறுதியளிக்கும் மூன்று கடிதங்களை இணையுங்கள்.