திகில் குறும்படம் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குறும்படம் என்றால் முழுப்படம் எடுக்கக் காசில்லாதவர்கள் எடுப்பது என்று நினைக்கிறவர்கள் எங்கள் திருகோணமலையிலும் நிறையப் பேர். காசில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் முதல் திகில் படம் என்று பலரும் குறிப்பிடுவது, பிரான்சில் ஜோர்ஜ் மெலியெஸ் 1896 இல் எடுத்த படத்தை. அதன் நீளமே ஏறக்குறைய மூன்று நிமிடம். இந்த வகைப் படம் பிறந்ததே குறும்படமாகத்தான்.

பழகுவதற்கு ஒரு படம் எடுத்துக்கொள்வோம்: ‘லைற்ஸ் அவுட்’. சுவீடன்காரரான டேவிட் சாண்ட்பெர்க் 2013 இல் செலவே இல்லாமல் வீட்டுக்குள் எடுத்தது. நடித்தவர் அவருடைய மனைவி லொட்டா லொஸ்டன். மூன்று நிமிடத்துக்கும் குறைவு, வசனமும் கிடையாது. இதே பெயரில் 2016 இல் ஹொலிவூட் முழுநீளப் படம் ஒன்றும் வந்தது. யூரியூப்பில் தேடும்போது அதன் ட்ரெயிலரைத் தட்டிவிடாதீர்கள்.

படி 1: ஹெட்போன் போடுங்கள்

போன் ஸ்பீக்கரில் திகில் படம் பார்ப்பது வீண் வேலை. தாழ்ந்த சத்தங்கள் அதில் கேட்கவே கேட்காது. கடற்கரையோர வீடென்றால் அலை, தகரக் கூரையென்றால் மாரி மழை, இரண்டும் இல்லாவிட்டால் ஃபேன். ஹெட்போன் இல்லாமல் இவற்றையெல்லாம் தாண்டி ஒரு காலடிச் சத்தம் உங்கள் காதுக்கு வராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவு தானாக அடிபடும். அதையும் படத்தின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

லைற்றை அணையுங்கள். வட்ஸ்அப் சத்தத்தையும்.

படி 2: முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள்

ஆராய்ச்சி வேண்டாம், பயப்பட்டால் போதும். கண்ணை மூட வேண்டும் போலிருந்தால் மூடுங்கள், காது திறந்துதானே இருக்கும். இயக்குநர் நம்பியிருப்பதும் அந்தக் காதைத்தான்.

படி 3: படத்தின் சட்டத்தை, அதாவது விதியை, கண்டுபிடியுங்கள்

மற்றப் படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இரவில் பின்னாலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே என்று அம்மம்மா சொல்லியிருப்பா. தனியாகப் போகிறவனிடம் வழியில் ஒருத்தி சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்காதே என்றும் சொல்லியிருப்பா. பேய் எப்படியிருக்கும் என்று அவ விவரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கும். ஏனென்றால் அந்தக் கதைகள் ஒரு சட்டத்தின் மேல் நிற்கின்றன. கேட்டு முடித்த பிறகு அந்தச் சட்டம் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நல்ல திகில் குறும்படமும் இதே மாதிரித்தான். பாத்திரத்தின் சிறுவயது, குடும்பம், பேயின் பூர்வீகம் எதையும் சொல்ல மூன்று நிமிடம் போதாது. ஒரு சட்டம் சொல்லத்தான் நேரம் இருக்கிறது. ‘லைற்ஸ் அவுட்’டில் அது முதல் நிமிடத்திலேயே வந்துவிடும்: விளக்கை அணைத்தால் உருவம் நிற்கும், போட்டால் இருக்காது. ஒரு தரம் காட்டினால் தற்செயல் என்று நினைப்போம். அதனால் சுவிச்சை மறுபடி மறுபடி போட்டு அணைத்து அதை நமக்குப் பழக்கிவிடுகிறார்கள்.

இப்போது ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் படத்தின் சட்டம் என்ன? அது எந்த இடத்தில் முறிகிறது? இரண்டாவது கேள்வியின் பதிலை நான் சொல்லப்போவதில்லை. கடைசிச் சில விநாடிகளைக் கவனமாகப் பாருங்கள். விளக்கு எரிந்தால் தப்பிவிடலாம் என்று நம்மை நம்பவைத்தது யார் என்று யோசியுங்கள்.

படி 4: சத்தமில்லாமல் ஒரு தடவை, படமில்லாமல் ஒரு தடவை

முதலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பயம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பிறகு போனைக் கவிழ்த்துவைத்துச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சுவிச்சின் ‘டிக்’, மரத்தரையின் முனகல், இடையில் எதுவுமே கேட்காத சில விநாடிகள். பயமுறுத்தும் வேலையில் பெரும்பங்கு அந்த ஒன்றுமில்லாத இடங்களுக்கு உண்டு.

படி 5: ஆள் இல்லாத பக்கத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டைக்குள் பொழுதுபடும் நேரம் நடந்திருக்கிறீர்களா? ஆலமரத்தடி இருட்டில் ஏதோ அசையும். நின்று உற்றுப் பார்ப்போம். மான் என்று தெரிந்ததும் நடையைக் கட்டிவிடுவோம். தெரியும் வரைதான் பயம். அதனால்தான் கெட்டிக்கார இயக்குநர் நடிகரை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, திறந்த கதவையோ இருண்ட நடைவழியையோ ஃபிரேமில் பெரிதாக வைக்கிறார். நம் கண் அங்கேதான் போய் நிற்கும்.

இதைப் பழக இன்னொரு படம், ஆன்டி முஷியெட்டியின் ‘மமா’, 2008. அதுவும் மூன்று நிமிடம் அளவுதான். இரண்டு சிறுமிகள், ஒரு வீடு. கமராவை இடையில் நிறுத்தாமல் எடுத்த ஒரே ஷொட் மாதிரி ஓடும். காட்சி மாறினால் நமக்கு ஒரு மூச்சு விட இடம் கிடைக்கும். அந்த இடத்தை இவர் தருவதில்லை. இதுவும் 2013 இல் முழுநீளப் படமானது.

படி 6: திடுக்கிட்டதா, பயந்ததா?

திடீரென்று சத்தம் போட்டால் யாரும் துள்ளுவார்கள். அது உடம்பின் வேலை. அதற்காக அதைக் கேவலமாகப் பார்க்கவும் வேண்டாம், ‘லைற்ஸ் அவுட்’டிலும் அது இருக்கிறது. சோதனை இதுதான்: எங்கே துள்ளுவோம் என்று தெரிந்த பிறகும், அதற்கு முந்தைய அரை நிமிடம் உங்களை நெளியவைக்கிறதா? ஆம் என்றால் படம் நல்ல படம். சத்தத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்றால் அடுத்ததுக்குப் போங்கள், மூன்று நிமிடம்தானே போனது.

படி 7: எடுத்தவரிடம் சொல்லுங்கள்

ஊரில் யாராவது பிள்ளைகள் போனில் எடுத்த திகில் படம் உங்களுக்கு வந்தால் “சூப்பர் தம்பி” என்று அனுப்பிவிட்டு நகராதீர்கள். எந்த விநாடியில் பயந்தீர்கள், எந்த இடத்தில் சட்டம் குழம்பியது, எந்தச் சத்தம் தேவையில்லை என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த படத்துக்கு அந்தப் பிள்ளை சுவிச் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கும்.