சுண்ணாம்பு தடவிய கலயம்: மதுரைப் பக்கத்துப் பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது

பனையின் பூங்குலையான பாளையில் சொட்டும் சாறு ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடிகாலையில் பதநீர் இறங்கும். தடவாமல் கட்டினால் அதே நேரத்தில் கள் இறங்கும். காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட், சாறு விழுந்த நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இந்தச் சீமைக்குக் கள்மேல் இருந்த பிரியமும் பின்னால் கருப்பட்டிக்கு வந்த மதிப்பும் இந்தச் சுண்ணாம்பை ஒட்டியே நடந்தவை. ஆகவே காய்ச்சும் முறைக்கு முன் அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

வைகைப் பாசனம் எட்டாத திருமங்கலம், கள்ளிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரங்களிலும், அதற்கும் தெற்கே சாயல்குடிப் பக்கத்து மணலிலும் கண்மாய்க் கரை, வரப்பு, தரிசு எங்கும் பனைதான் நின்றது. பனை பாளை விடுவது மாசி, பங்குனியில். சாறு ஓடுவது ஆடி வரை. மானாவாரி நிலத்தில் வேலை இல்லாத மாதங்களும் இவைதான், ஊர்த் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களும் இவைதான். கையில் நேரம் இருந்தபோது, கோயிலில் கூட்டம் கூடியபோது, காசு அதிகம் கேட்காமல் கிடைத்தது கள். கருப்புசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் கள் இடம்பிடித்தது அப்படித்தான். சாறு வற்றிய மாதங்களில் வெல்லத்தோடு வெள்வேலம் பட்டையை ஊறப்போட்டு வடித்த சாராயம் அந்த இடத்துக்கு வந்தது.

1886-இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று சாறு அரசாங்க வருமானமாக மாறியது. ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி, 1981-இல் மறுபடி தளர்ந்து, 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை நிற்கிறது. ஒவ்வொரு முறை தடை வந்தபோதும் பனையேறிகளின் பிழைப்பு சுண்ணாம்பு தடவிய கலயத்தை நம்பியே ஓடியது. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கமும் பனைவெல்லத்தைக் கையில் எடுத்தது. அதன் செயலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். நல்ல நஞ்சையைக் கரும்புக்குக் கொடுப்பதைவிட, தரிசில் தானாக நிற்கும் பனையிலிருந்து இனிப்பு எடுக்கலாம் என்ற அவருடைய வாதம் இந்த மண்ணுக்கு இன்றும் பொருந்துகிறது.

கருப்பட்டி வணிகம் தடைச்சட்டத்துக்கெல்லாம் முந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றி வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள். வண்டியும் சரக்கும் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள், மகமை வசூலித்துப் பொதுநிதி சேர்த்தார்கள். மதுரைத் தெருவில் விற்கும் பருத்திப்பாலில் இனிப்பது அந்தச் சரக்குதான்.

இனி வேலைக்கு வருவோம்.

பாளை

ஆண் பனை அலகுப்பனை, பெண் பனை பருவப்பனை. இரண்டிலும் சாறு வரும், பெண் பனையில் சற்றுக் கூடுதல். மரம் பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், நிற்கும் மரத்தை வெட்டிவிட்டு அடுத்த தலைமுறைக்கு நட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

மரம் ஏறத் தெரியாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஏற வேண்டாம். காலில் தளைநார், இடுப்பில் கயிறு, மழை நனைத்த மரத்தில் ஏறாமை, இவை மூன்றும் இல்லாமல் அனுபவமுள்ளவர்களே விழுந்திருக்கிறார்கள். பனையேறி ஒருவரைக் கூலிக்கோ பங்குக்கோ பேசிக்கொள்வதுதான் முறை. கீழே நடக்கும் வேலையே போதிய அளவு இருக்கிறது.

மேலே அவர் செய்வது இது. விரியாத பாளையைத் தேர்ந்து, மட்டையில் உரசாதபடி ஒதுக்கிக் கட்டுவார். ஆண் பாளைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்தும் கட்டுவது உண்டு. பிறகு சில நாட்கள் மரக்கடிப்பால் இடுக்கி மெதுவாக நசுக்கி, நுனியைச் சீவிவருவார். பெண் பாளையில் கடிப்பு குரும்பைகளுக்கு இடையே போக வேண்டும். அதிகமாக நசுக்கினால் பாளை கறுத்து அழுகும், குறைவாக நசுக்கினால் சாறு வராது. ஒரு வாரம், பத்து நாளில் சொட்டத் தொடங்கும். அதன்பின் தினமும் காலையும் மாலையும் சீவ வேண்டும். சீவும் வில்லை தாள் கனம் இருந்தால் போதும். தடிமனாகச் சீவினால் ஆடி வரை வரவேண்டிய பாளை வைகாசியிலேயே தீர்ந்துவிடும். மொட்டை அரிவாள் சாற்றுக்குழாய்களை நசுக்கி அடைத்துவிடும். அதனால்தான் பாளை அரிவாளை ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் தீட்டுகிறார்கள். ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து, ஓட்டம் திரும்ப வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

சுண்ணாம்பு

பெரும்பாலான கருப்பட்டி கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அடுப்பில் அல்ல.

பதநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு சுக்ரோஸ், அதாவது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. ஈஸ்ட் அதை முதலில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும், பிறகுதான் சாராயமாக்கும். உடைந்த சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது. மூக்குக்குப் புளிப்பு தெரியாத நிலையிலேயே இந்த உடைப்பு நடந்திருக்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரநிலையில் வைத்து ஈஸ்ட்டையும் புளிப்புக் கிருமிகளையும் அடக்குகிறது.

புதிதாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டும். மாதக்கணக்கில் காற்றில் கிடந்த சுண்ணாம்பு வெறும் சுண்ணக்கல் தூளாக மாறியிருக்கும், அதை எவ்வளவு தடவினாலும் பலனில்லை. கலயத்தை வெந்நீரில் கழுவி, வைக்கோல் தீயில் வாட்டி, நன்றாகக் காய்ந்தபின் தயிர்ப் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை உள்ளே அடிப்பகுதியிலும் சுவரிலும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். நேற்றைய கலயத்தைக் கழுவாமல் அதன்மேலேயே தடவுவது கள்ளுக்கு உறை ஊற்றுவதற்குச் சமம்.

அளவு சரியா என்று பார்க்க மஞ்சள் போதும். மஞ்சள் பூசிய வெள்ளைத் துணித்துண்டில் ஒரு சொட்டு விடுங்கள். லேசான ஆரஞ்சு சாயல் வந்தால் சரி. மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு குறைவு, சாறு புளிக்கத் தொடங்கியிருக்கலாம். ரத்தச் சிவப்பாக மாறினால் அதிகம். பிஎச் தாள் வைத்திருப்பவர்கள் 8-க்கும் 8.5-க்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு அதிகமானால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் கரித்து, உதிரும். அப்படிப்பட்ட பதநீரை அரைமணி நேரம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு அடிமண்டியைக் கொட்டிவிடுங்கள்.

குடிப்பதற்கும் இதே தெளிவுதான். விடிகாலையில் இறக்கியதை முற்பகலுக்குள் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டுக் குடித்துவிட வேண்டும். நுரை பொங்கி மூக்கில் ஏறும் வாசனை வந்தால் அது பதநீர் இல்லை, சட்டமும் அதைப் பதநீராகப் பார்க்காது.

அடுப்பு

ஒரு மரம் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தரும் என்று வைத்தால் பத்து மரத்தில் 25 லிட்டர். 8 முதல் 10 லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. ஆக, விடிலியில் (கருப்பட்டி காய்ச்சும் குடிசையில்) ஒருநாள் எரித்தால் கிடைப்பது இரண்டரை, மூன்று கிலோ. கருப்பட்டி விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் விறகு செலவு சேரவில்லை. காய்ந்த ஓலையும் மட்டையும் சீமைக்கருவேல விறகும் சேர்ந்தால்தான் கட்டுபடியாகும்.

பன்னாடையில் வடிகட்டி, அகன்ற தாச்சியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். இறக்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். தொடக்கத்தில் தீ பலமாக இருக்கலாம். முதல் கொதியில் அழுக்கு நுரை திரண்டு வரும், அதை அள்ளி எறியுங்கள். நீர் வற்றிப் பொன்னிறமாகும்போது பொங்கும். அப்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் எண்ணெய் பரவி நுரை அடங்கும். தேங்காய் எண்ணெய் சில சொட்டும் அதையே செய்யும்.

பாகு கூப்பனியாக, அதாவது கெட்டியான குழம்பாக, கனத்தபின் தீயைப் பாதியாகக் குறைத்து, துடுப்பால் அடி தடவிக் கிண்டிக்கொண்டே இருங்கள். இந்த இருபது நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. அடி கருகினால் மொத்தமும் கசக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் நேரமுண்டு. விரலில் உருட்ட வந்து, சிரட்டையில் தட்டினால் டக்கென்று கேட்டால் பதம். வெப்பமானியில் ஏறக்குறைய 118 முதல் 120 டிகிரி செல்சியஸ்.

இறக்கியவுடன் ஊற்றாதீர்கள். துடுப்பால் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிண்டினால் பளபளப்பு மங்கி, மணி கட்டத் தொடங்கும். அந்த நேரத்தில், தண்ணீரில் ஊறவைத்து மணலில் பதித்த சிரட்டைகளில் ஊற்றுங்கள். காய்ந்த சிரட்டையில் ஊற்றினால் ஒட்டிக்கொண்டு உடைந்துதான் வரும். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் வட்டு கழன்றுவிடும்.

உறையாமல் பிசுபிசுத்தால் மறுபடி காய்ச்சிப் பயனில்லை. சர்க்கரை கலயத்திலேயே உடைந்துவிட்டது. சிலர் இங்கேதான் சீனியைக் கொட்டி உறையவைக்கிறார்கள். உடைத்த முகத்தில் வெள்ளை மணிகள் மின்னினால் அது அந்தச் சரக்கு. அதற்குப் பதிலாகப் பாகாகவே ஜாடியில் எடுத்து வையுங்கள். பணியாரத்துக்கும் சுக்குக்காபிக்கும் அருமையாக இருக்கும். கலயத்தையும் சுண்ணாம்பையும் மறுநாளே மாற்றுங்கள்.

நன்றாக உறைந்த வட்டுகளை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் பட்டால் கசியும், பிறகு பூஞ்சை பூக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் கெடும். கசிந்த வட்டை வெயிலில் போடாதீர்கள், உருகி ஓடிவிடும். புகையில் இரண்டு நாள் வைத்தால் இறுகிவிடும்.